உறைபனி இரவில் தானாக அணைந்துவிடும் உங்கள் ஹீட்டர் குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள், அப்புறம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுத்திலேயே தருகிறேன்.

பசுமைக்குடிலுக்கென்றே நீங்கள் விற்கும் அந்த 2 கிலோவாட் விசிறி ஹீட்டர்தான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பனிப்பூ படத்தில் வைத்தால், குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் தானாக ஓடும் என்கிறது உங்கள் கையேடு. ஓடுகிறது, கொஞ்ச நேரம். குடிலில் காற்று சூடாகும் முன்பே அணைந்துவிடுகிறது. செடிகளின் உயரத்தில் நான் தொங்கவிட்ட வெப்பமானி மைனஸ் 3 காட்டுகிறது, ஹீட்டரோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. குளிரைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி அணைக்கும் தெர்மோஸ்டாட்டின் உணரியைச் சூடாகும் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்தால் அது தன் சூட்டைத்தானே அளக்கும்? செய்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்களே கட்டின கொட்டகைக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல சார்." கொட்டகையாம்! 6 மில்லிமீட்டர் இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு, உள்ளே பபிள் ரேப், இடுக்கெல்லாம் அடைத்திருக்கிறேன். சுவரும் கூரையும் சேர்த்து 30 சதுர மீட்டர். அந்தத் தகடு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 வாட் வெப்பத்தை இழக்கும். வெளியே மைனஸ் 10, உள்ளே 5 என்றாலும் சுமார் 1,600 வாட்தான் ஆகிறது, உங்கள் 2 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். பபிள் ரேப்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதைச் சொன்னதும், மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். மூடிய குடிலில் அது பூஞ்சைக்குத்தான் விருந்து.

சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கதகதப்பான அறையில், குமிழை முழுதாகத் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். 5 டிகிரியில் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அன்றிரவே மறுபடி அணைந்தது.

எலுமிச்சை மரம் இலையெல்லாம் கொட்டி நிற்கிறது. மிளகாய் நாற்று ஒன்றுகூடத் தப்பவில்லை. என் உழைப்பு மொத்தமும் போயிற்று, எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது. உள்ளே நான் வைத்திருக்கும் 200 லிட்டர் தண்ணீர் ட்ரம் 5 டிகிரி ஆறினால் ஒரு யூனிட் மின்சாரம் தருவதை விட அதிக வெப்பம் தரும். அதுதான் மிச்சத்தைக் காப்பாற்றியது. உங்கள் பொருளை விட ட்ரம் பரவாயில்லை.

நீங்கள் நல்ல நிறுவனம் என்று நம்பித்தான் வாங்கினேன். தயவுசெய்து தனிக் கம்பியில் உணரி வைத்த தெர்மோஸ்டாட்டோடு வேறு ஹீட்டர் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கூப்பன், தள்ளுபடி எதுவும் வேண்டாம். ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் ரசீது, வெப்பமானியின் படங்கள், உங்கள் ஊழியர் பேசியது எல்லாவற்றோடும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். இன்னொரு தடவை புகார் எண்ணைக் கேட்டு யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்