தும்பி ஏற ஒரு புல் தண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுச்சூழல் தினச் சிறப்பிதழில் உணவுச் சங்கிலி, சூழல் மண்டலம், மிகையூட்டம் (தண்ணீரில் உரச்சத்து மிகுந்து பாசி பெருகுவது) எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அதே இதழில் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றின் படத்தைப் போட்டு 'புதுப்பொலிவு' என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் பேனாவை எடுத்தேன். நாலு பக்கமும் காங்கிரீட் சுவர், மேலே நடைபாதை, சிமென்ட் பெஞ்சு. படத்தில் ஒரு கொக்குகூட இல்லை. கவனித்தீர்களா?

நான் தேரூர்ப் பக்கத்தில் முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் அந்தக் குளத்துக்குத்தான் கூட்டிப் போவேன். நடுக்குளத்தில் தாமரை பூத்திருப்பது அழகுதான், ஆனால் பாடம் இருப்பது ஓரத்தில். நிலமும் நீரும் கலக்கிற அந்தச் சேற்றுப் பட்டைக்கு எக்கோடோன் என்று பெயர். இரண்டு பக்கத்து உயிர்களும் அங்கே வந்து போகும். அங்கே மட்டுமே பிழைக்கிறவையும் உண்டு. கோரையும் சம்பும் நிற்கிற இடத்தில் விரால் முட்டையிட்டுக் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கும். தாழைக்கோழி கூடு வைக்கும். தும்பியின் குஞ்சு தண்ணீருக்குள்ளே கொசுப்புழுவைத் தின்று வளரும். சிறகு விரியும் காலம் வந்ததும் ஒரு புல் தண்டைப் பிடித்து மேலே ஏறி, பழைய தோலை அங்கேயே விட்டுவிட்டுப் பறந்துவிடும். அந்தக் காய்ந்த தோலைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது வேலையை மேற்பார்த்த பையன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்: "இனி ஒரு புல்லுகூட முளைக்காது சாரே." அவனைக் குறை சொல்ல முடியாது. சுத்தம் என்றால் புல் இல்லாமல் இருப்பது என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம்.

புல்தான் போனது, சாக்கடை போகவில்லை. சுவரில் துளை விட்டுக் குழாய் வழியாக உள்ளே இறக்கியிருக்கிறார்கள்! முன்பு வீட்டுக் கழிவுநீரிலும் வயலில் இருந்து வடியும் உரத்திலும் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸில் ஒரு பங்கைக் கரையோரச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். இப்போது அத்தனையும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனி. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். அழுகுகிற குப்பையைத் தின்னும் கிருமிகளும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சிறப்பிதழில் நீங்கள் மிகையூட்டம் என்று எழுதியது இதைத்தான். போன கோடையில் காலை நடைக்கு வந்தவர்கள் புது பெஞ்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மீன் வயிறு மேலே காட்டி மிதந்தது.

2022-ல் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூரும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. முன்னது 94 ஹெக்டேர், பின்னது 20-க்கும் சற்றுக் குறைவு. பெருமைப்பட்டோம், இனிப்பும் கொடுத்தோம். மற்ற குளங்களின் கதை வேறு. ஈரநிலங்களைப் பாதுகாக்க வந்த 2017-ம் வருட விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் வேறு என்ன குளம் இருக்கிறது? கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் தேக்க நம் முன்னோர் மண் சுமந்து கட்டியவைதானே பெரும்பாலும். மத்திய ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற வாத்துக்கு இது வெட்டிய குளமா, தானாக உண்டான குளமா என்று பார்க்கத் தெரியாது.

சுவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மடை இருக்கிற கரையை அலை அறுக்கும். அங்கே கல் அடுக்கிக் கட்டட்டும், அதுவும் சிமென்ட் பூசாமல், இடுக்கில் தண்ணீர் கசிகிற மாதிரி. எதிர்ப்பக்கம் ஆழமில்லாமல், மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்குகிற இடத்தை அப்படியே விட்டுவிடட்டும். நடைபாதை வேண்டுமென்றால் தாழை வரிசைக்கு வெளியே போடலாம். சாக்கடையைக் குளத்துக்குள் விடாமல் திருப்புவதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். செலவு கூடும் என்பார்கள். மூன்று பக்கச் சுவர் மிச்சமாகிறதே, அதில் செய்யலாம்.

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்த குளத்திலும் ஆழமில்லாத பக்கத்தைச் சுற்றி அளவுக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. மழைக்கு முன் வேலை தொடங்கிவிடும் என்கிறார்கள். உங்கள் நிருபரை ஒருநாள் காலை ஆறு மணிக்கு அனுப்பி வையுங்கள். குச்சிகளுக்கு நடுவே தாழைக்கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருக்கும், படம் எடுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தேரூர் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.