ஒரு புள்ளி குறைந்தாலும் ஓராண்டு போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாயார் கேட்டிருந்தார்: அமெரிக்கத் தரைப்படையில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு, இப்போது டெக்சாஸில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகனுக்கு ராணுவ ஓய்வூதியம் கிடைக்குமா? "ரிசர்வில் பெயர் இருக்கிறது, ஆன்லைனில் பாடம் படித்தால் புள்ளி சேரும், ஓய்வூதியம் தானே வளரும்" என்று பதில் தந்திருந்தீர்கள். ரிசர்வ் என்பது தேவைப்பட்டால் அழைப்பதற்காக வைத்திருக்கும் துணைப்படை, புள்ளி என்பது ஓய்வூதியக் கணக்குக்கான புள்ளி. பாடம் படித்தால் புள்ளி சேரும் என்பது சரி. ஓய்வூதியம் தானே வளரும் என்பது தவறு. அதை நம்பிச் சும்மா இருக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கை இழப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது யாரோ ஓரிருவருக்கான விஷயமும் அல்ல. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, மலையாளமும் சிங்களமும் இருந்தன. 2009-ல் ஆள் எடுக்கத் தொடங்கி 2016-ல் நிறுத்தினார்கள். மாணவர் விசாவில் வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறந்திருந்தது. மொழிக்காகச் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு முழுநேரப் பணி செய்ய வேண்டும். ஆனால் படை ஒப்பந்தத்தின் மொத்தக் காலம் வழக்கமாக எட்டு ஆண்டு. முழுநேரப் பணி முடிந்ததும் மீதி நான்கு ஆண்டுக்கு ஐ.ஆர்.ஆர். எனப்படும் தனிநபர் ரிசர்வ் பட்டியலில் பெயர் போய்விடும். அங்கே மாதாந்திரப் பயிற்சியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. 'ரிசர்வில்தானே இருக்கிறோம், எட்டு ஆண்டும் கணக்கில் ஏறுகிறது' என்று பலர் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ரிசர்வ் ஓய்வூதியத்துக்கு 20 தகுதி ஆண்டுகள் வேண்டும். படையில் இருப்பவர்கள் 'குட் இயர்' என்பார்கள். ஓர் ஆண்டு தகுதி ஆண்டாக வேண்டுமானால் அதில் குறைந்தது 50 புள்ளி இருக்க வேண்டும். முழுநேரப் பணியில் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. வார இறுதிப் பயிற்சியில் குறைந்தது நான்கு மணி நேரம் கொண்ட ஒரு டிரில்லுக்கு ஒரு புள்ளி, ஒரே நாளில் இரண்டுக்கு மேல் கிடையாது. பட்டியலில் பெயர் இருப்பதற்காகவே ஆண்டுக்கு 15 புள்ளி, இதுதான் உறுப்பினர் புள்ளி. அஞ்சல்வழிப் பாடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. அது நாம் உட்கார்ந்து படித்த நேரம் அல்ல, அந்தப் பாடத்துக்கென்று நிர்ணயித்திருக்கும் நேரம். மூன்று மணி நேரம் என்று நிர்ணயித்த பாடத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்தாலும் இருபது மணி நேரம் ஆனாலும் புள்ளி ஒன்றுதான்.

தபால் உறைக்குள் விடைத்தாளை வைத்து அனுப்பிய காலம் போய் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. ஆனாலும் பதிவேட்டில் பழைய பெயர் நிற்கிறது. தரைப்படையின் புள்ளி அறிக்கைக்கு டி.ஏ. 5016 என்று பெயர். ஆண்டுக்கு ஒரு வரி. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பிறகு டிரில், அஞ்சல்வழிப் பாடம், உறுப்பினர் புள்ளி, முழுநேரப் பணி என்று தனித்தனிக் கட்டங்கள். வரியின் கடைசியில் தகுதிக் காலம் ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கும். ஐ.ஆர்.ஆரில் எதுவும் செய்யாமல் இருந்தவரின் வரியில் உறுப்பினர் கட்டத்தில் மட்டும் 15 இருக்கும், கடைசியில் 00 00 00. பாடக் கட்டத்தில் 34 சேர்ந்தால் மொத்தம் 49, அப்போதும் கடைசியில் 00 00 00 தான். 35 சேர்ந்தால் மொத்தம் 50, கடைசியில் 01 00 00. ஒரு புள்ளிக்கு ஓர் ஆண்டு என்பதை அந்த ஆறு இலக்கங்களில் கண்ணால் பார்க்கலாம்.

ஆக ஐ.ஆர்.ஆரில் இருப்பவருக்குத் தேவை 35 புள்ளி, அதாவது 105 மணி நேரப் பாடம். மாதத்துக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்தால் வேலைக்குப் போகிறவருக்கும் முடியும். ஆனால் 35-ஐ இலக்காக வைக்காதீர்கள். ஏதாவது ஒரு பாடம் ஏற்கப்படாமல் போனால் ஆண்டே போய்விடும். 40-ஐக் குறிவைத்து 120 மணி நேரம் முடிப்பதே பாதுகாப்பு.

பணமாகப் பார்த்தால் இது எவ்வளவு? 2018-க்கு முன் சேர்ந்து பழைய முறையிலேயே இருப்பவர்களுக்கு மொத்தப் புள்ளியை 360-ஆல் வகுத்து, இரண்டரை சதவீதத்தால் பெருக்கி, வரும் சதவீதத்தை, சம்பளம் மிக அதிகமாக இருந்த 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடுவார்கள். ஓய்வூதியத்தோடு சேமிப்பும் கலந்த புதிய கலப்பு முறையில் இரண்டு சதவீதம். சராசரி 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பழைய முறையில் ஒரு புள்ளிக்கு மாதம் சுமார் 35 சென்ட். நான்கு ஐ.ஆர்.ஆர். ஆண்டுகளில் சும்மா இருந்தவருக்கு 60 புள்ளி. ஆண்டுக்கு 50 வீதம் சேர்த்தவருக்கு 200. தகுதி பெறாத ஆண்டின் புள்ளிகளும் தொகைக் கணக்கில் சேரும் என்பதால் அந்த 60 வீணாவதில்லை. வித்தியாசம் 140 புள்ளி, மாதம் சுமார் 49 டாலர். இதைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அந்த 49 டாலரில் இல்லை. சும்மா இருந்தவர் கையில் 4 தகுதி ஆண்டு, படித்தவர் கையில் 8. முன்னவர் பின்னால் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தால் இன்னும் 16 ஆண்டு ஓட வேண்டும், பின்னவருக்கு 12 போதும். 19 தகுதி ஆண்டோடு நின்றுபோனால், எத்தனை ஆயிரம் புள்ளி வைத்திருந்தாலும் இந்த ஓய்வூதியம் பொதுவாகக் கிடையாது. போன ஆண்டைப் பின்னால் பாடம் படித்து மீட்கவும் முடியாது.

இனி, எங்கே தவறு நடக்கிறது என்பதற்கு வருகிறேன். முதல் தவறு தேதியில். இங்கே ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதும் அல்ல, அரசின் நிதியாண்டுபோல அக்டோபரில் தொடங்குவதும் அல்ல. ஒவ்வொருவருக்கும் அவரவர் பணியில் நுழைந்த தேதியே ஆண்டின் தொடக்கம். மார்ச் 14-ல் நுழைந்தவரின் ஆண்டு அடுத்த மார்ச் 13-ல் முடியும். முழுநேரப் பணியிலிருந்து இடைவெளி இல்லாமல் ரிசர்வுக்கு வந்தால் இந்தத் தேதி மாறாது. விடுவிப்புப் பெற்றுச் சில காலம் கழித்து மறுபடி சேர்ந்தால் மாறும். பாடத்தின் புள்ளி, அது முடிந்ததாகப் பதிவாகும் தேதியின் ஆண்டில்தான் ஏறும். பத்து மாதம் படித்து, கடைசித் தேர்வை மார்ச் 15-ல் எழுதினால் அத்தனையும் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். டிசம்பர் விடுமுறையில் முடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்து, செப்டம்பரிலேயே ஆண்டு முடிந்துவிட்டதை அறியாமல் இருப்பதும் உண்டு. ஆண்டு முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் முடித்து, அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, உள்நுழைவு. படையின் இணையத் தளங்கள் பலவற்றுக்குள் போக சி.ஏ.சி. எனப்படும் சிப் பதித்த அடையாள அட்டை வேண்டும். ஐ.ஆர்.ஆரில் இருப்பவர்களுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது ரிசர்வ் அடையாள அட்டை, அதில் சிப் இருக்காது. அதனால் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எந்தத் தளத்துக்குள் எந்த அடையாளத்தோடு போக முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் பதினோராவது மாதத்தில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, நம்மவர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், ஒரு பதிவேட்டில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் முன்பின் மாறியிருக்கும். பாடத் தளத்தில் ஒரு பெயரும் பணிப் பதிவேட்டில் வேறொரு பெயருமாக இருந்தால் சான்றிதழ் யாருடையது என்ற கேள்வி வரும். பாதுகாப்புத் துறை தந்த பத்து இலக்க எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

நான்காவது, எல்லாப் பாடத்துக்கும் புள்ளி உண்டு என்ற நினைப்பு. பாட விவரத்தில் மணி நேரமோ புள்ளியோ குறிப்பிட்டிருக்க வேண்டும். முன்பே முடித்த பாடத்தை மறுபடி படித்துப் புள்ளி வாங்க முடியாது. முழுநேரப் பணியில் இருக்கும் நாட்களில் முடித்த பாடத்துக்கும் கிடையாது, அந்த நாளுக்கு ஏற்கெனவே ஒரு புள்ளி வந்துவிட்டது. மற்ற அரசுத் துறைகள் நடத்தும் இலவசப் பாடங்களை எடுப்பவர்கள் தங்கள் படைப்பிரிவு அதை ஏற்குமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். ஒரு பிரிவு ஏற்பதை இன்னொன்று ஏற்காது. செயலற்ற பட்டியலில் (இது ஐ.ஆர்.ஆர். அல்ல) பெயர் போய்விட்டவர்களுக்கு எந்தப் பாடமும் புள்ளி தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் சான்றிதழையும், நிறைவுத் தேதியும் மணி நேரமும் தெரியும் பக்கத்தையும் அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாடத் தளங்கள் பெயர் மாறும், மூடப்படும். அறிக்கையில் புள்ளி ஏறவில்லை என்றால் தரைப்படையினர் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளக் கட்டளையகத்துக்கு அந்தச் சான்றுகளை அனுப்பித் திருத்தம் கேட்கலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் அலுவலகமும் அறிக்கையும் வேறு. பத்து ஆண்டு கழித்துக் கேட்கும்போது கையில் தாள் இல்லையென்றால் வாதம் நிற்காது.

பயிற்சிப் பிரிவில் சேர்ந்து மாதாமாதம் போகிறவர்களின் கதை வேறு. 48 டிரில், 15 உறுப்பினர் புள்ளி, ஆண்டுப் பயிற்சியில் சுமார் 15, ஆக 78. அவர்களுக்கு 50 என்பது கவலையே இல்லை. பாடத்தால் கூடுதல் சேர்க்கலாம், ஆனால் உச்சவரம்பு உண்டு. டிரில், உறுப்பினர், பாடம் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 130-ஐத் தாண்டக் கூடாது. முன்பு 60 ஆக இருந்தது 1996-ல் 75, 2000-ல் 90 என்று உயர்ந்து 2007-ல் 130 ஆனது. 48-உம் 15-உம் போக மீதி 67 புள்ளி, அதற்கு 201 மணி நேரம். மேலே சொன்ன கணக்கில் மாதம் சுமார் 23 டாலர். மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகாது. என்னைக் கேட்டால், கையில் கிடைத்த பாடத்தையெல்லாம் எடுப்பதைவிடப் பதவி உயர்வுக்குக் கேட்கப்படும் படிப்பை எடுப்பதே மேல். பதவி உயர்ந்தால் சராசரிச் சம்பளம் உயரும், பழைய புள்ளிகள் அத்தனைக்கும் மதிப்பு கூடும்.

இந்தப் பணம் பொதுவாக 60 வயதில்தான் வரத் தொடங்கும் என்பதையும் அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். 2008 ஜனவரி 28-க்குப் பின் செய்த குறிப்பிட்ட வகை முழுநேரப் பணிக்கு, 90 நாளுக்கு மூன்று மாதம் வீதம் அந்த வயது குறையும். பாடப் புள்ளி எவ்வளவு சேர்ந்தாலும் அது ஒரு நாளைக்கூடக் குறைக்காது.

திருத்தத்தை அடுத்த ஞாயிறே வெளியிடுங்கள். அந்தத் தாயாரின் மகன் தன் அறிக்கையை எடுத்து, கடைசி வரியின் முடிவுத் தேதியை முதலில் பார்க்கட்டும். அவருடைய ஆண்டு எந்த மாதத்தில் முடிகிறது என்பது நமக்குத் தெரியாது. 105 மணி நேரப் பாடத்துக்கு இன்னும் இடம் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்