ரிப் அடியில் மடிப்பு: ஃபோர்ஜிங் தகடுகள் பற்றிய புகார்

தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: 6061 ரக அலுமினிய ரிப் தகடுகளை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

கடைசியாக நீங்கள் ஃபோர்ஜிங் முறையில், அதாவது சூடாக்கிப் பிரஸ்ஸில் அழுத்தி, செய்து அனுப்பிய லாட்டை எங்களால் பயன்படுத்த முடியாது. இரண்டாவது ரிப் (தகட்டின் மேல் விலா போல எழும்பி நிற்கும் மேடு), தகட்டோடு சேரும் வளைவில் தலைமுடி போல ஒரு கோடு ஓடுகிறது. ஏதோ ஒரு தகட்டில் என்றால் அதை மட்டும் ஒதுக்கியிருப்போம். எடுத்துப் பார்த்த எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருக்கிறது.

"டை (அச்சு) கீறல்தான், தேய்த்தால் போய்விடும்" என்றார் உங்கள் பொறியாளர். சரி என்று தேய்த்தோம். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து உள்ளே தங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் டெவலப்பர் அடித்ததும், வெள்ளைப் பூச்சின் மேல் அதே கோடு கசிந்து வந்தது. வெறும் கீறல் என்றால் தேய்த்த பிறகு சாயம் எங்கே போய்த் தங்கும்? அப்புறம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, காஸ்டிக் சோடாவில் முக்கிப் பார்த்தோம். ரிப்புக்குள் ஏற வேண்டிய உலோக ஓட்டம் அங்கே மடங்கிப் படுத்திருக்கிறது. படம் இணைத்துள்ளோம்.

தகட்டைப் பகுதி பகுதியாக அடிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சின்ன பிரஸ்ஸில் பெரிய தகடு எடுக்க அதுதான் வழி. ஆனால் முதல் பகுதியை அழுத்தும்போது உலோகம் அழுத்தாத பக்கம் ஒதுங்கும். அடுத்த பகுதியை அழுத்தினால் திரும்பி வந்து ரிப்பின் அடியைத் தள்ளும். பிரஸ்ஸின் ஒரே இறக்கத்தில் அதிகமாக அழுத்தினால் மடிப்பு விழத்தான் செய்யும். மடிந்த இரண்டு முகமும் மறுபடி ஒட்ட அலுமினியத்தின் ஆக்சைடு படலம் விடாது. கோடு இருப்பதும் இரண்டு பகுதிகள் சந்திக்கும் எல்லையில்தான்.

சான்றிதழில் இழுவலிமை நன்றாகத்தான் இருக்கிறது. சோதனைத் துண்டை மடிப்பே இல்லாத நடுத்தகட்டிலிருந்து வெட்டினால் வேறு எப்படி இருக்கும்? அதிர்வில் விரிசல் தொடங்குவது ரிப் அடியில்.

லாட் முழுவதையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு மாற்றித் தாருங்கள். புதிய லாட்டில் ஒவ்வொரு இறக்கத்தின் அளவும் குறையட்டும், ரிப் அடி வளைவு வரைபடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரிதாகட்டும். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் வெப்பநிலைப் பதிவு வேண்டும். ஃபோர்ஜிங் சூட்டில் அலுமினியம் சிவக்காது என்பதால் கண் மதிப்பீட்டை ஏற்கமாட்டோம். அனுப்பும் முன் பகுதிகள் சந்திக்கும் இடத்தை அறுத்து எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டுங்கள். அதுவரை இந்த லாட்டுக்கான பில் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவு