எந்தக் கடல், எந்த மணி, எவ்வளவு தூரம்: கடல் வானிலை எச்சரிக்கை விடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கடல் வானிலை எச்சரிக்கையை வெளியிடும் அதிகாரிகளுக்கும், அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சென்ற தை மாதம், மன்னார் வளைகுடாவை ஒட்டிய எங்கள் கரையில் எத்தனை வீடுகளின் வலை வீணாய்ப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்த் தலைவர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி முத்திரை குத்திக்கொண்டீர்கள். பதில் மட்டும் வரவில்லை. அடுத்த வாடைக் காலம் தொடங்குவதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நண்டு வலை எப்படிப் போடப்படுகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்த் தரையோடு விரித்துவிட்டு வந்துவிடுவோம். இரவு முழுக்க வலை கடலில் கிடக்கும். விடியும் முன் போய் எடுக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் விரித்துவிட்டு வந்தார்கள். உங்கள் எச்சரிக்கை எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது ஊர் உறங்கப் போயிருந்தது. மன்னார் வளைகுடா, குமரிக்கடல், அவற்றை ஒட்டிய பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று இருந்தது. காலையில் கரைக்கு வந்த அலுவலர் ஒருவர், மீறிப் போனால் எரிபொருள் மானியம் நின்றுவிடும் என்றார். வலைகள் கடலில் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். முடியாது என்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் எங்கள் வலையின் மிதப்புக் கட்டைகள் கிடந்தன. கரையோரம் அலை இல்லை. அதற்கு அப்பால் கடல் எப்படி இருந்தது என்பது வேறு விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மறுநாளும் அதே எச்சரிக்கை, அதற்கு மறுநாளும் அதே எச்சரிக்கை.

எச்சரிக்கை விலகி வலையை எடுத்தபோது பாதி வலையைக் காணவில்லை. நீரோட்டத்தில் இழுபட்டு, கடலடிப் பாறைத்திட்டான பாரில் சிக்கிக் கிழிந்திருந்தது. மீதியில் இருந்த நண்டுகள் செத்து, ஓட்டுக்குள் சதை கரைந்து, தொட்டால் கால்கள் கழன்று கையோடு வந்தன. செத்த நண்டை எந்த வியாபாரியும் தொடமாட்டார். ஆனால் அதையும் வலையிலிருந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு நண்டும் தன் கொடுக்கால் நாலைந்து கண்ணிகளை முறுக்கி வைத்திருந்தது. முள் குத்திய விரல்களோடு பெண்கள் உச்சி வெயில் வரை உட்கார்ந்து, சிக்கை அவிழ்க்க முடியாத இடங்களில் வலையையே அறுத்தோம். பாசியும் கடல்தாழையும் ஏறிய வலையை அலசினால் கையில் நின்றது பொத்தல்தான். அந்த வலையை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருந்தோம். பிடிக்கிற நண்டை அவர் சொல்லும் விலைக்கே கொடுப்போம் என்ற பேச்சில் வாங்கிய பணம் அது. வலை போய்விட்டது, கடன் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. உங்கள் கோப்பில் இதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை, ஏனென்றால் புயல் எதுவும் அடிக்கவில்லை.

எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக்கடலில் புயலாக வலுத்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்குச் செய்தி எட்டாமல் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று நாடே பார்த்தது. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து எங்கள் கடலுக்கே வந்து நின்றது. அப்போது நாள்கணக்கில் முன்கூட்டியே சொன்னீர்கள், படகுகளைக் கரையேற்றினோம். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறோம்.

ஆனால் மார்கழியிலும் தையிலும் வீசுவது பெரும்பாலும் புயற்காற்று அல்ல என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேகமே இருக்காது. வெயில் அடிக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை பாக் நீரிணை வழியாகப் புகுந்து, இலங்கை மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் நெருக்குண்டு, வேகமெடுத்துக் குமரிக்கடலில் போய்க் கொட்டுகிறது. அந்தக் காற்றில் பாம்பன் பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடையில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடலின் கரையோரம், தீவு வரிசைக்கு இப்பால், அடங்கிக் கிடக்கும். சோழகம் எனும் தென்காற்று வீசும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ். இதை வைத்துத்தான் எங்கள் பாட்டன்மார் பருவத்துக்குப் பருவம் படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றினார்கள். அதே தென்கடலில் கரையை விட்டு வெகுதூரம் போனால் அதே வாடை படகை வெளியே தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதுவும் எங்களுக்குத் தெரியும். அங்கே போகாதே என்று சொல்லுங்கள், கைகூப்பி ஏற்றுக்கொள்கிறோம்.

பாம்பன் தொடங்கிக் கன்னியாகுமரி வரை, கரையோரம் முதல் நடுக்கடல் வரை, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தைப் போட்டு மூடிவிடுவதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. எந்தக் கடல், எந்த மணி முதல் எந்த மணி வரை, கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால்: இந்த மூன்றையும், நாங்கள் வலை விரிக்கப் போவதற்கு முன் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை எவ்வளவு உயரும், காற்று எந்தத் திசையில் வீசும் என்று முன்கூட்டியே கணித்துக் கரைவாரியாக வெளியிடுகிறது. கணிப்பு இருக்கிறது. அது எங்கள் கரைக்கு வந்து சேரும்போது மட்டும் போகலாம், போகக்கூடாது என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. எங்கள் இறங்குதளத்தில் கடல் நிலையைக் காட்டுவதற்கென்று நட்ட மின்னணுப் பலகை இருண்டு கிடக்கிறது. அதைப் பழுது பார்க்க யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டால் ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது வலையைவிடப் பெரியது. நாள்தோறும் ஒரே வாசகம் வருவதால் எங்கள் பையன்கள் அதைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். கடல் அடங்கிக் கிடக்கும் நாளிலும் 55, படகைக் கவிழ்க்கும் நாளிலும் 55 என்றால், எந்த 55-ஐ நம்புவது? ஒக்கி போல ஒன்று வரும் நாளில் இந்த அலட்சியம் உயிரை எடுக்கும். அன்றைக்கு, நாங்கள் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்லும். எங்கள் பிள்ளைகளின் சாவுக்கு அப்படியொரு வரியை நாங்கள் ஒருபோதும் ஏற்கமாட்டோம்.

விசைப்படகுக்காரர்களின் பாடும் இதுதான். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாட்கள்தான் அவர்களுக்குக் கடல். டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு அனுமதிச் சீட்டு இல்லை என்றால் ஐஸ் கரைந்து கூலியும் போகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் தடைக்காலம் என்பது சட்டம். அது முன்கூட்டியே தெரிந்திருப்பதால் எப்படியோ சமாளிக்கிறோம். இரவில் வந்து விடியலில் அமலாகும் தடையை யார் சமாளிப்பது? நாங்கள் கடலுக்குப் போகாத நாளில் எங்கள் வீட்டில் உலை வைக்க என்ன இருக்கிறது என்று கேட்க இதுவரை ஒரு ஜீப் கூட வந்ததில்லை.

கோபத்தில் வார்த்தைகள் சற்றுக் கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். உங்கள் வேலை எளிதல்ல என்பதை அறிவோம். தவறாகப் போகச் சொல்லி ஓர் உயிர் போனால் அந்தப் பழி உங்களைத்தான் சேரும். ஆகவே எங்களைப் போக விடுங்கள் என்று கேட்கவில்லை. வடகடல், தென்கடல், குமரிக்கடல் மூன்றுக்கும் தனித்தனியாக, மணியும் தூரமும் குறித்து, பிற்பகல் மூன்று மணிக்குள் எச்சரிக்கை எங்கள் ஊர் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். கரையோர வலையை எடுக்க மட்டும் போய்வர, கடல் இடம் கொடுக்கும் நாட்களில், கண்காணிப்போடு இரண்டு மணி நேர அனுமதி தர வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் ஓர் அதிகாரியை எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அனுப்புங்கள். எந்த வாடையில் எந்தப் பார் பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் பெரியவர்கள் உட்கார்ந்து சொல்வார்கள். அவர் எழுதிக்கொண்டு போகலாம்.

பணிவுடன்,
நாட்டுப்படகு மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி,
மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்.