காணி உறுதியை ஈடு வைக்க வேண்டாம் அக்கா

ஸ்காபரோ,
2025 நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் கதைக்கும்போது உங்கள் மகனும் அத்தானும் பக்கத்தில் இருப்பார்கள், கணக்கு வழக்கை விரிவாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள். பிறகு அத்தானிடம் கொடுங்கள்.

இணுவில் காணி உறுதியை ஈடு வைத்து மகனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அக்கா. என் பெறாமகன் இங்கே வருவது எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவன் வந்தால் இந்த வீட்டில் அவனுக்கு ஓர் அறை இருக்கும். கடனோடு வந்து இறங்குபவனுக்கு இந்த நாடு எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும்.

ஐயாவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தபோது நாங்கள் அனுப்பிய காசு முழுவதும் சேமிப்பு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பாதிக்கு மேல் கடன் அட்டையில் எடுத்தது. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அதே நிலை நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். ஐயா அதன் பிறகு பேரப்பிள்ளைகளோடு இருந்த காலத்துக்கு வட்டி பெரிதல்ல. ஆனாலும் வட்டி வட்டிதான், அதைக் கட்டித் தீர்க்கவேண்டியிருந்தது.

ஊரில் கடன்காரன் படலையில் வந்து நிற்பான். வன்னியில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கிழமைக்குக் கிழமை ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வான், அயலெல்லாம் பார்க்கும். இங்கே யாரும் வருவதில்லை. மாதத்துக்கு ஒரு கடித உறை வரும், அல்லது கைபேசியில் ஒரு செய்தி. குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று மரியாதையாக எழுதியிருக்கும். அதைக் கட்டிவிட்டால் கடன் எல்லையைக் கூட்டித் தரட்டுமா என்றுகூடக் கேட்பார்கள். அந்த மரியாதைதான் ஆளைச் சாய்த்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். அட்டைக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 19.99 விழுக்காடு. எங்கள் இரண்டு அட்டைகளிலும் சேர்த்து 8,000 டொலர் நின்றது. ஒரு மாத வட்டி மட்டும் 133 டொலர். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் அநேகமாக முழுவதும் வட்டிக்கே போய்விடும், முதல் அசையாது. இந்த நாட்டில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கடன் தீர எத்தனை வருடம், எத்தனை மாதம் ஆகும் என்பதை வங்கி அந்தத் தாளிலேயே அச்சிட வேண்டும். பலர் அந்த வரியை வாசிப்பதில்லை. இவர் ஒரு நாள் இரவு வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அதை வாசித்துக் காட்டினேன். எங்கள் சின்னவன் பல்கலைக்கழகம் முடித்த பிறகும் அந்தக் கடன் இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே இலாப நோக்கில்லாத ஒரு கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். கட்டணம் கேட்கவில்லை. கடனை அடைக்கிறோம் என்று வானொலியில் விளம்பரம் செய்பவர்கள் எல்லோரும் இப்படி இல்லை, ஆகவே விசாரித்துவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே இருந்த பெண் எங்களைக் குற்றவாளிகள்போல நடத்தவில்லை. சம்பளத் துண்டுகளையும் கடன் தாள்களையும் வரிசையாக மேசையில் பரப்பி, எது எவ்வளவு வட்டி என்று எழுதச் சொன்னார். பிறகு அங்கத்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கடன் சங்கத்தில் பாதிக்கும் குறைந்த வட்டியில் ஒரு கடன் எடுத்து, இரண்டு அட்டைகளையும் அடைத்தோம். ஓர் அட்டையை மூடிவிட்டோம். மற்றதில் கைபேசிக் கட்டணம் மட்டும் போகும், அதை மாதாமாதம் முழுவதுமாகக் கட்டிவிடுவோம். ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்குக் கொடுத்ததும் திரும்பி வரும் காசு நேரே அந்தக் கடனுக்குப் போயிற்று. போன வருடம் அது தீர்ந்தது. அன்றைக்கு நான் பால்பொங்கல் வைத்தேன். ஏன் என்று பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொன்னேன், அவர்களும் கேட்டு வளரட்டும் என்று.

வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது அக்கா. பள்ளிக்கூடக் கொப்பிதான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் படுத்த பிறகு இவர் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார், நான் எழுதுவேன். வாடகை, மின்சாரம், மரக்கறி, மீன், பஸ், உங்களுக்கு அனுப்பியது, கோயில், பிள்ளைகள் என்று தனித்தனி நிரல். கடைசி நிரலில் மிச்சம். இவருக்கு ஒரு பழக்கம் உண்டு, கடையில் வாங்கிய தேநீருக்கும் சீட்டு எடுத்துவருவார். மாதம் முடியும்போது அந்தச் சின்னச் சின்னச் சீட்டுகளைக் கூட்டினால் ஒரு பிள்ளையின் குளிர்காலச் சப்பாத்து விலை வரும். யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது அந்த மேசையில் எங்களுக்குள் ஒரு விதி. எந்த மாதம் குறை சொல்லத் தொடங்குகிறோமோ, அந்த மாதத்தோடு கணக்கு எழுதுவதும் நின்றுபோகும். அதை மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரையும் விற்றுவிட்டோம். இவர் வேலை செய்யும் களஞ்சியம் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறது. முன்பு ரொறன்ரோ பஸ்ஸில் போய் எல்லையில் யோர்க் பகுதி பஸ்ஸுக்கு மாறினால் இரண்டு தடவை காசு கட்டவேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஒரு கட்டணத்திலேயே மாறிப் போகலாம். காருக்கு எண்ணெய், காப்புறுதி, பனிக்கால டயர் என்று போன காசு இப்போது நிற்கிறது. மாறி ஏறுவதால் அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். இவர் அந்த நேரத்தில் நூலகத்துத் தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறார்.

இனி வீட்டு விஷயம். இன்னும் வாடகை வீட்டில்தானா இருக்கிறார்கள் என்று சனம் உங்களைக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கேட்பவர்களுக்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. இது பழைய மாடிக் கட்டடம். 2018 நவம்பர் 15க்கு முன்பே ஆட்கள் குடியிருந்த கட்டடங்களில் வருட வாடகையை, தனி அனுமதி பெறாமல், அரசாங்கம் சொன்ன வீதத்துக்குமேல் ஏற்ற முடியாது. இந்த வருடம் அது 2.5 விழுக்காடு. வாடகை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

எங்களோடு ஒரே காலத்தில் வந்த ஒரு குடும்பம் 2021இல் வீடு வாங்கியது, மாறும் வட்டியில். 6 இலட்சம் டொலர் கடன். அப்போது வட்டி ஒன்றரை விழுக்காட்டுப் பக்கம் இருந்ததால் மாதம் 2,400 டொலர் அளவில் கட்டினார்கள். கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25இலிருந்து ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. மாதக் கட்டுக்காசு 3,800ஐத் தாண்டிவிட்டது. அவர்கள் ஆடம்பரக்காரர் இல்லை அக்கா, இரண்டு பேரும் இரண்டு வேலை செய்பவர்கள். கீழறையை வாடகைக்குக் கொடுத்து, அந்த வீட்டுப் பெண் பகல் வேலையோடு இரவு வேலைக்கும் போய், முகமெல்லாம் வற்றிப்போயிற்று. இப்போது வட்டி இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் பிள்ளைகளோடு இருந்து ஒரு நேரம் சாப்பிட்டிருப்பார்களோ தெரியாது. நாங்களும் ஒரு நாள் வீடு வாங்குவோம். வட்டி இரண்டு மடங்கானாலும் ஒருவர் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தபின்தான் வாங்குவோம் என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம்.

பெரியவளின் சாமத்தியவீட்டை, அந்தப் பூப்புனித நீராட்டு விழாவை, பெரிதாகச் செய்யவில்லை என்று உங்களுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது, எனக்குத் தெரியும். இங்கே அது எப்படி நடக்கிறது என்று நீங்கள் வந்து பார்த்தால்தான் விளங்கும். மண்டபம், மேடை அலங்காரம், மூன்று உடுப்பு மாற்றம், நீளக் கார், வீடியோ எடுப்பவர்கள், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. உறையில் வரும் மொய்க்காசு செலவை ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுக் கடன் எடுக்கிறார்கள். ஈடுகட்டினாலும் அந்தக் காசு முழுவதும் திருப்பிச் செய்யவேண்டிய கடன்தான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ ஒருவருக்கு உறை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரியவளிடமே கேட்டேன். மேடையில் இருத்தி எல்லோரும் பார்ப்பது தனக்கு விருப்பமில்லை என்றாள். வீட்டில் மாமி தண்ணீர் வார்த்தார், பிட்டும் களியும் உழுத்தம்மாவும் கொடுத்தோம், கோயிலில் அருச்சனை, நெருங்கின சொந்தத்துக்கு வாழையிலையில் சாப்பாடு. நீங்கள் அனுப்பிய சேலையைத்தான் கட்டினாள். இவருடைய பக்கத்தில் இரண்டு வீட்டார் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கு அது வலிக்கிறது. ஆனாலும் செய்தது சரி.

அப்படி மிச்சப்பட்ட காசை இரண்டு பிள்ளைகளின் படிப்புச் சேமிப்பில் போட்டோம். ஒரு பிள்ளைக்கு வருடம் 2,500 டொலர் போட்டால் அரசாங்கம் தன் பங்காக 500 டொலர் சேர்க்கிறது. வேறெங்கும் காசு போட்ட உடனே இப்படி வளராது. சீட்டுப் பிடிக்கச் சொல்லியும் சிலர் கேட்கிறார்கள். ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். காசைச் சுருட்டிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் இழந்தவர்கள் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் எங்கே போய்க் கேட்பது? ஆகவே நாங்கள் சேருவதில்லை.

உங்களுக்கு இது கஞ்ச வாழ்க்கைபோலத் தோன்றக்கூடாது. நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் அக்கா, உண்மையாகவே. கோடையில் நகரசபையிடம் ஒரு சின்னத் தோட்டத் துண்டு எடுத்து முளைக்கீரை, பச்சைமிளகாய், பாகல் போட்டேன். பாகல் கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்துத் துண்டுக்காரச் சீனத்து அம்மாவின் பக்கம் போய்விட்டது. அவருக்கும் பாகற்காய் பிடிக்கும் என்று தெரிந்ததிலிருந்து எங்களுக்குள் நல்ல நட்பு. பனிக்காலத்தில் நகரசபை வளாகத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடக் காசில்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு இப்போது நிரந்தர வேலை. இரவில் படுக்கும்போது யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று மனம் கூட்டிக் கழிப்பதில்லை. அந்த உறக்கம் எனக்குப் பெரிய சொத்து.

இப்போது மகனின் விஷயத்துக்கு வருகிறேன். படிக்க வருபவர் முதல் வருடக் கல்விக் கட்டணத்தைத் தவிர, வாழ்க்கைச் செலவுக்கும் காசு காட்டவேண்டும். முன்பு அது 10,000 டொலர். 2024 தொடக்கத்தில் 20,635 ஆக்கினார்கள், இந்த வருடம் செப்டெம்பரிலிருந்து 22,895. நம் காசில் 45 இலட்சத்துக்கு மேல். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமோ இங்கத்தைய பிள்ளைகள் கட்டுவதைவிடப் பல மடங்கு. படிக்கும் காலத்தில் வெளியில் கிழமைக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர், ஆகக் கிழமைக்கு 420 அளவில். அதில் வாடகையும் சாப்பாடும் கழித்துவிட்டு ஈட்டு வட்டிக்கு என்ன மிஞ்சும்? படித்து முடித்தால் வேலை அனுமதி கிடைக்கும் என்று முகவர் சொல்வதும் முன்போல் இல்லை. 2024 நவம்பரிலிருந்து படிக்க விண்ணப்பிப்பவர்களில், பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்புக்குக் குறிப்பிட்ட சில துறைகளுக்குத்தான் அது உண்டு.

நெருக்கடியில் இந்தப் பிள்ளைகள் சம்பள முற்பணம் கொடுக்கும் கடைகளுக்குப் போகிறார்கள். 100 டொலருக்கு 14 டொலர் வரை அறவிடச் சட்டமே அனுமதிக்கிறது. இரண்டு கிழமைக்கு அது. வருடக் கணக்கில் பார்த்தால் 360 விழுக்காட்டைத் தாண்டும். ஊரில் அம்மாவுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு கடையில் வாங்கி மறுகடையில் கட்டும் பிள்ளையை எங்கள் கட்டடத்திலேயே எனக்குத் தெரியும். நான் சமைத்துக் கொடுத்தால் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பிள்ளை நினைவுதான்.

மகனுக்கு மோட்டார் வேலையில் கை ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் அந்தத் துறை இருக்கிறது. முதலில் அங்கே சேரட்டும். தங்குமிடச் செலவு, போக்குவரத்து, கருவிகள் எல்லாம் என் பொறுப்பு. கொப்பியில் அவனுக்கென்று ஒரு நிரல் இந்த மாதமே போட்டுவிட்டேன், இவருக்கும் சம்மதம். கையில் தொழிலும் இரண்டு மூன்று வருட அனுபவமும் வந்தபின், தொழிலாளியாக வர வழி இருந்தால் அதற்கு நாங்களே விண்ணப்ப வேலைகளைப் பார்ப்போம்.

2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அடகு வைத்த உங்கள் தாலிக்கொடி இன்னும் வங்கியில் இருக்கிறது என்று சின்னக்கா சொன்னார். என்னிடம் மறைத்துவிட்டீர்கள். அடகுச் சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் திகதி எது என்று தெளிவாகத் தெரியவேண்டும். மார்கழிச் சம்பளத்தில் ஒரு பகுதியும் தைமாதத்தில் மீதியும் அனுப்புகிறேன். முகவருக்கு இதுவரை ஏதாவது முற்பணம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். உறுதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அத்தானின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அத்தானுக்கும் சின்னக்காவுக்கும் என் அன்பு. மகனை ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் இரவு 7 மணிக்கு என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். அவனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை