ஓக்லஹோமாவில் எந்தக் கரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை 31 வருடமாக வாங்கிப் படிக்கும் வாசகி நான்.

போன வியாழக்கிழமை உலகச் செய்திப் பக்கத்தில் ‘ஓக்லஹோமாவில் சூறாவளி கரையைக் கடந்தது’ என்று போட்டிருந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது. ஓக்லஹோமா அமெரிக்காவின் உள்நாட்டு மாநிலம், அதன் தலைநகரான ஓக்லஹோமா நகரத்திலிருந்து மெக்சிகோ வளைகுடா 600 கிலோமீட்டருக்கு மேல். எந்தக் கரையைக் கடந்தது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். குளத்தங்கரையோ என்னவோ. காலை ஏழு மணிக்கே திருத்துறைப்பூண்டியிலிருந்து என் நாத்தனார் போன்: “உன் பொண்ணு ஊருல கடல் புகுந்துட்டாமே?”

கரையைக் கடப்பது என்றால் என்னவென்று வேதாரண்யத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா போனது எங்கள் தலைக்கு மேலேதான். அது கடலில் பிறந்து, நாள்கணக்கில் நகர்ந்து, பெயர் வாங்கி, கூண்டு ஏற்றவைத்துவிட்டு வந்த புயல். நடுவில் காற்று ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் “முடிஞ்சிட்டு” என்று கதவைத் திறந்தார். முடியவில்லை, அது புயலின் கண். அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து அந்தக் கதவையே கொண்டுபோய்விட்டது.

ஓக்லஹோமாவில் வருவது டொர்னேடோ, இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று. அதையும் நான் பார்த்தேன், 2019 மே மாதம் மகள் வீட்டில் இருந்தபோது. மதியம் வரை நம் சித்திரைப் புழுக்கம். நாலு மணிக்கு வானம் பாசி பிடித்த மாதிரி ஆனது, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது, சைரன் அலறியது. வீட்டின் நடுவிலிருந்த குளியலறைத் தொட்டிக்குள் எங்களை உட்காரவைத்து மருமகன் மேலே மெத்தையைப் போட்டார். பேத்தி தலையில் சைக்கிள் ஹெல்மெட். அடுப்பை அணைத்தேனா என்பதுதான் அப்போது என் கவலை. மறுநாள் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டுக்குக் கூரையும் இல்லை, முன்சுவரும் இல்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் பூந்தொட்டி சாயாமல் நிற்கிறது. கஜா இப்படி வீடு பார்த்தா அடித்தது?

தாங்கள் அறியாததல்ல: அங்கே வளைகுடாவின் ஈரக்காற்று வடக்கே ஏறும், மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள வறண்ட மேட்டுநிலத்துக் காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் உட்காரும். மூடி பிய்ந்தால் ஈரக்காற்று குக்கர் ஆவி மாதிரி மேலே பீறிடும். தரையில் ஒரு திசை, உயரே வேறு திசை, வேறு வேகம் என்று காற்று அடிப்பதால் இடையிலுள்ள காற்று சப்பாத்திக் கட்டைபோல் படுத்தபடி உருளும். பீறிடும் காற்று அந்த உருளையை நிமிர்த்தும். மேகமே சுழல ஆரம்பிக்கும். அப்படிச் சுழலும் மேகங்களில் சிலவற்றின் அடியிலிருந்துதான் தும்பிக்கை இறங்குகிறது. 2013 மே 20 அன்று மூர் என்ற ஊரில் 24 பேரைக் கொன்றது மணிக்கு 320 கி.மீ.யைத் தாண்டிய வேகத்தில் சுழன்ற அந்தத் தும்பிக்கை. கடலுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் ஈரத்தோடு சரி.

முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் மிதந்தபோது தங்கள் மாணவர் பகுதியில் ‘வெயில் கொளுத்துவதால் பாலைவனம் உருவாகிறது’ என்று ஒரு கட்டம் கட்டினீர்கள். வெயில்தான் காரணமென்றால், பனி மூடிக் கிடந்தும் பாலைவனம் என்றே சொல்லப்படும் அண்டார்டிகாவை எதில் சேர்ப்பது? நிலநடுக்கோட்டுப் பக்கம் மேலெழுந்து மழையைக் கொட்டித் தீர்த்த காற்று 30 டிகிரி அட்சத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் கூடாது. சகாராவும் அரேபியாவும் அதனால் காய்கின்றன. தென் அமெரிக்காவின் அடகாமா பாலைவனம் கடலோரத்திலேயே கிடக்கிறது, நம் ஊர் வெக்கைகூட அங்கே இல்லை. குளிர்நீரோட்டமும் ஆண்டிஸ் மலையும் சேர்ந்து மழையைத் தடுத்துவிடுகின்றன. ட்யூஷனுக்கு வரும் பையன் தங்கள் கட்டத்தைப் பார்த்து விடை எழுதினான். தப்புப் போட்டதற்கு, “பேப்பர்லயே போட்டிருக்கு டீச்சர்” என்றான். 34 வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் பேப்பருக்கு முன்னால் எம்மாத்திரம்?

அப்போதே விளக்கமாக எழுதினேன். தாங்கள் பிரசுரித்தது ‘மாணவர் பகுதி பயனுள்ளதாக இருக்கிறது’ என்ற முதல் வரியை மட்டும். கீழே என் பெயர்!

கேட்பது பெரிதல்ல. டொர்னேடோவை டொர்னேடோ என்றோ சுழல்காற்று என்றோ போடுங்கள். பாடநூலில் சூறாவளி என்பது கடலில் உருவாவதற்கான பெயர், அதை அதற்கே விட்டுவிடுங்கள். ‘கரையைக் கடந்தது’ என்று எழுதும் முன் அந்த ஊரில் கடல் இருக்கிறதா என்று பார்க்க, அலுவலகத்துக்கு ஓர் உலக வரைபடம் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

இடமில்லை என்றால் இந்த முறை முதல் வரியை வெட்டிவிட்டு மீதியைப் போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
வேதாரண்யம்