சாவியை எடுத்ததும் அணைந்துபோகும் ஹசார்ட் லைட் கிட்: பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

என்னிடம் இருப்பது 1984ஆம் வருட அம்பாசடர் மார்க் 4. அப்பா வாங்கிய வண்டி. ஹசார்ட் லைட், அதாவது வண்டி வழியில் நின்றால் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் வசதி, இல்லாமல் வந்த வண்டி என்பதால், 'எல்லாப் பழைய கார்களுக்கும் பொருந்தும்' என்று நீங்கள் விளம்பரம் செய்த ஹசார்ட் சுவிட்ச், ஒயரிங் கிட்டை ₹1,450 கொடுத்து வாங்கினேன். அதில் இருந்த படத்தில் உள்ளபடியே, ஒரு ஒயர்கூட மாறாமல், எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொருத்தினார்.

சென்ற மாதம் தர்மபுரியிலிருந்து சேலம் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. இரவு ஒன்பது மணி இருக்கும். அந்த இறக்கத்தில் லாரிகள் எப்படி வரும் என்பது அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட விட முடியாது என்பதால், வண்டியை ஓரங்கட்டி நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினோடு சேர்ந்து விளக்குகளும் அணைந்துவிட்டன.

மறுபடி சாவியைப் போட்டால்தான் விளக்கு எரிகிறது. பிளாட்டினம் பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) வைத்த பழைய வண்டியில், எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தால், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் சூடேறி வீணாகும், பாயின்டும் கருகும். தெரிந்தும் வேறு வழியில்லாமல் சாவியைப் போட்டே வைத்தேன். கால் மணி நேரத்தில் காயிலில் கை வைக்க முடியவில்லை. அதற்குள் இண்டிகேட்டர் தாறுமாறான வேகத்தில் அடிக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பிறகு நான்கு விளக்கும் ஒரேயடியாக நின்றுபோயின. சுங்கச்சாவடி ரோந்து வண்டி வந்து கூம்பு வைக்கும்வரை, என் மச்சான் ஐம்பது அடி பின்னால் நின்று செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு லாரி வெளிச்சத்துக்கும் என் உயிர் போய் வந்தது.

மறுநாள் புது பெல்ட், இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ஃப்ளாஷர் புதிதாகப் போட்டு இண்டிகேட்டரைச் சோதித்தோம். இடது பக்கம் போட்டால் வலது பக்கமும் சேர்ந்து மின்னியது. கிட்டைக் கழற்றிப் பழையபடி ஒயரைக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாக எரிந்தன. உங்கள் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே காகிதம்போல் மெல்லிய பித்தளைத் தகடுகள். இடது, வலது இரண்டையும் சேர்க்கும் முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பக்கத்துப் பிளாஸ்டிக் மெழுகுபோல் இளகிக் குழிந்திருந்தது.

உங்கள் சேவை மையத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "பழைய வண்டி சார், ஒயரிங் வீக்கா இருக்கும்" என்பதே பதில். இதை நான் ஏற்க மாட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு இண்டிகேட்டர் பல்ப் 21 வாட். ஹசார்ட் போட்டால் நான்கு பல்ப், 84 வாட். 12 வோல்ட்டில் அது 7 ஆம்பியர். வண்டியில் இருந்த பழைய ஃப்ளாஷர் ஒரு பக்கத்து இரண்டு பல்புக்கானது. அதாவது 42 வாட். 'பழைய ஃப்ளாஷரே போதும்' என்று உங்கள் தாளில் அச்சிட்டிருக்கிறது. இரு மடங்கு பாரம் ஏற்றினால் உள்ளே இருக்கும், சூட்டில் வளையும் பைமெட்டல் தகடு சீக்கிரம் சீக்கிரமாகச் சூடேறி வேகமாகத்தான் அடிக்கும். கடைசியில் கருகும். வண்டிக்கு வயதாகிவிட்டதால் வந்த கோளாறு இல்லை இது.

இதைவிடப் பெரிய தவறு உங்கள் படத்திலேயே இருக்கிறது. ஹசார்டுக்கான கரண்டை, சாவி போட்டால்தான் உயிர் வரும் இக்னிஷன் ஒயரிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நின்றுபோன வண்டிக்குத்தான் ஹசார்ட் தேவை. அது சாவி இல்லாமலும் எரிய வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸ் வைத்து எடுத்திருக்க வேண்டும். கிட்டில் ஃபியூஸே கிடையாது. என் வண்டியில் அந்த லைனில் இருப்பது 35 ஆம்பியர் ஃபியூஸ். நீங்கள் கொடுத்த மெல்லிய ஒயர் முழுக்க உருகினாலும் அது போகாது. அன்று வாடையோடு நின்றது, தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். போதாததற்கு ஆறு ஒயரும் கறுப்பு. என் வண்டியில் இடதுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. நாற்பது வருடம் கழித்தும் டார்ச் அடித்துப் பார்த்தால் எது எதுவென்று தெரிகிறது.

2014இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றபின், எங்களைப் போன்றவர்கள் சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளையும் உங்களைப் போன்ற நிறுவனங்களையும் நம்பித்தான் வண்டி ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கையில்தான் வாங்கினேன்.

கிட்டின் விலை ₹1,450, ஃப்ளாஷர், காயில், பாயின்ட், வேலைக்கூலி சேர்த்து ₹2,850, ஆக ₹4,300 எனக்குத் திருப்பித் தர வேண்டும். ஆனால் பணம் எனக்கு இரண்டாம்பட்சம். இந்தக் கிட்டின் விற்பனையை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் செய்து, படம் தவறு, கழற்றிவிடுங்கள் என்று சொல்லுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்ற விலாசம் உங்களிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் இன்றிரவு ஏதோ ஒரு மலைப்பாதையில் நின்றுகொண்டிருக்கலாம்.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது நகல், உங்கள் ஒயரிங் படம், கருகிய சுவிட்சின் புகைப்படங்கள் இணைத்துள்ளேன். சுவிட்சும் உருகிய ஒயரும் என்னிடமே இருக்கின்றன. அவற்றைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். உங்கள் ஆள் நேரில் வந்தால் வண்டியோடு சேர்த்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சேலம்